முழங்காலிட்டபின் எழுந்தவர்

1896-ஆம் ஆண்டு. பம்பாய்க்கும் புனாவுக்கும் இடையே, மலைமேல் இருக்கும் லோனாவ்ளாவில் கிறிஸ்தவர்களின் கூடாரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் வெள்ளைச் சேலை அணிந்த ஒரு விதவை தனியாக ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார். அவருடைய பள்ளியிலிருந்து 15 பெண்கள் அவருடன் வந்திருந்தார்கள். அவர்களுக்காக நன்றி சொன்னபோது அவர் மனதில் ஒரு கணக்கு ஓடியது. 15-ஐ 15-ஆல் பெருக்கினால் 225. அடுத்த கூட்டத்துக்குள் 225 ஆன்மிகப் பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டார். கேட்ட உடனே சந்தேகமும் வந்தது. பள்ளியில் இருந்தவர்களே மொத்தம் சுமார் 50 பேர்தான்.

அவர் பண்டித ரமாபாய். சமஸ்கிருதப் புலமைக்காகக் கல்கத்தா அறிஞர்கள் பண்டிதை, சரஸ்வதி என்று பட்டம் கொடுத்த பிராமணப் பெண். 1883-இல் இங்கிலாந்தில் கிறிஸ்தவரானவர். தன் ஜெபங்கள் பலித்த கதைகளையும் சந்தேகப்பட்ட கதைகளையும் ஒளிக்காமல் எழுதிவைத்தவர். அதனாலேயே, ஜெபத்துக்கு எப்படிப் பலன் உண்டாகிறது என்று கேட்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கை ஒரு நல்ல பாடம்.

அந்தக் கேள்வி எல்லாக் கிறிஸ்தவ வீடுகளிலும் இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் குடும்ப ஜெபம். பையனுக்குக் கல்லூரியில் இடம், பெண்ணுக்கு வரன், அப்பாவின் சர்க்கரை நோய் என்று ஒரு பட்டியல். ஆமென் சொன்னதும் விளக்கணைத்துத் தூக்கம். மாதங்கள் போகின்றன, பட்டியல் மாறுவதில்லை. விசுவாசம் போதவில்லையோ, இன்னும் சத்தமாகக் கேட்க வேண்டுமோ, இன்னொரு நாள் உபவாசம் இருக்க வேண்டுமோ என்ற குழப்பம் மட்டும் மிஞ்சுகிறது.

ரமாபாய் இந்தக் குழப்பத்தைச் சிறு வயதிலேயே கண்டவர். தந்தை அனந்த சாஸ்திரி பெரிய படிப்பாளி. குடும்பம் ஊர் ஊராகப் புனிதத் தலங்களுக்குப் போய்ப் புராணம் வாசித்துப் பிழைத்தது. பஞ்சம் வந்தபோது கையில் இருந்ததையெல்லாம் தானமாகவும் காணிக்கையாகவும் கொடுத்து, விரதமிருந்து, தெய்வம் கைவிடாது என்று காத்திருந்தார்கள். உடலுழைப்பு தங்கள் குலத்துக்கு இழுக்கு என்று வளர்ந்தவர்கள். உணவு தீர்ந்தது. திருப்பதிக் காட்டில், இனிச் சாவதுதான் வழி என்ற நிலை. அப்போது ரமாபாயின் அண்ணன், சாதிப் பெருமையை விட்டுக் கூலி வேலைக்குப் போவதாகச் சொன்னார். அந்த முடிவு தாமதமாக வந்தது. தந்தை, தாய், அக்கா மூவரும் அடுத்தடுத்து இறந்தார்கள்.

இதை ஒரு மதத்தின் குறை என்று ஒதுக்கிவிடுவது எளிது. கைகட்டிக் காத்திருப்பதையே பக்தி என்று எண்ணுவது எந்த ஆலயத்திலும் நடக்கக்கூடியது. ரமாபாய் புதிய மார்க்கத்துக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தைக் கூடவே கொண்டுவரவில்லை.

லோனாவ்ளா ஜெபத்துக்குப் பிறகு நடந்தது இதுதான். அந்த ஆண்டே மத்திய மாகாணங்களில் கடும் பஞ்சம் வந்தது. செய்தி கேட்டதும் ரமாபாய்க்குத் தன் பழைய பசி நினைவுக்கு வந்தது. தானே புறப்பட்டுப் போனார். எலும்பும் தோலுமாக நின்ற சிறுமிகளையும் இளம் விதவைகளையும் அழைத்து வந்தார். முந்நூறு பேரை ஏற்பது என்று துணிந்தார். புனாவில் பிளேக் கட்டுப்பாடுகள் இருந்ததால் அவர்களை அங்கே வைத்துக்கொள்ள முடியவில்லை. பழத்தோட்டத்துக்காக வாங்கியிருந்த கேட்காவ் நிலத்துக்குக் கொண்டுபோனார். அங்கே வளர்ந்ததுதான் முக்தி இல்லம்.

அவர் கேட்ட எண்ணிக்கையைத் தருவதற்காகத்தான் பஞ்சம் வந்தது என்று யாராவது சொன்னால், அது இரக்கமில்லாத பேச்சு. ஜெபம் பஞ்சத்தைக் கொண்டுவரவில்லை. பஞ்சம் வந்தபோது, எழுந்து போகத் தயாரான ஒரு பெண்ணை அது உருவாக்கி வைத்திருந்தது. பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டவர், அவர்களுக்குச் சோறு போடும் பாரமும் தன்னுடையது என்பதை ஏற்றுக்கொண்டார்.

ஜெபம் பலிக்க வழி தேடுவோர் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இது. ‘எல்லாரையும் ஆசீர்வதியும்’ என்று பொதுவாகக் கேட்பவருக்கு மறுநாள் காலை செய்வதற்கு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு நோயாளிக்காகப் பேர் சொல்லிக் கேட்பவருக்கு ஒரு பாத்திரத்தில் கஞ்சி எடுத்துப் போகும் வேலை வந்துவிடுகிறது.

இரண்டாவது, கூட்டு ஜெபம். 1905 ஜனவரியில் தினமும் சேர்ந்து ஜெபிக்க யார் வருவீர்கள் என்று முக்தி இல்லத்தில் கேட்டார் ரமாபாய். முதலில் வந்தவர்கள் 70 பேர். ஜூனுக்குள் 550 பேர் ஆனார்கள். அதன்பின் எழுந்த ஆன்மிக எழுச்சி உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் அங்கே நெசவு, அச்சகம், பால்பண்ணை என்று அன்றாட வேலைகளும் இருந்தன. பார்வையற்ற பெண்கள் பிரெய்லி படித்தார்கள். ஜெபமும் வேலையும் ஒரே வளாகத்தில் இருந்தன.

மூன்றாவது, கேட்பது. ரமாபாய்க்குக் காது சரியாகக் கேட்காது. மருத்துவம் படிக்க இங்கிலாந்து போனவரின் அந்த ஆசையைக் கெடுத்ததே அந்தக் குறைதான். அடைபட்ட ஒரு கதவுக்கு முன்னால் முட்டிக்கொண்டு நிற்காமல், வேறு எது திறந்திருக்கிறது என்று பார்த்தார். நம்முடைய ஜெபத்தில் பேச்சு அதிகம். பேசி முடித்தபின் ஐந்து நிமிடம் சும்மா இருப்பவர்கள் குறைவு.

எல்லாம் கேட்டபடி கிடைத்ததா? இல்லை. கணவர் பிபின் பிஹாரி, திருமணமாகி இரண்டே ஆண்டில், 1882-இல் காலராவில் போய்விட்டார். 1893-இல் மதமாற்றச் சர்ச்சை எழுந்து பெற்றோர் பலர் தங்கள் பெண்களைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போனார்கள். தனக்குப் பின் முக்தி இல்லத்தை நடத்துவாள் என்று நம்பிய ஒரே மகள் மனோரமா 1921-இல் இறந்தார். தாய் ஜெபிக்காமலா இருந்திருப்பார்? இந்த இடத்தில் எந்தச் சூத்திரமும் உதவாது. இழந்தவர்களிடம் போய், உங்கள் விசுவாசம் போதவில்லை என்று சொல்பவர்கள் வாயை மூடிக்கொள்வதே அவர்கள் செய்யக்கூடிய நல்ல ஜெபம்.

மகளை அடக்கம் செய்த தாய்க்கு ஒரு வேலை மீதி இருந்தது. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, கிராமத்துப் பெண்களுக்கும் புரியும் எளிய மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு. முக்தி இல்லத்துப் பெண்களே அச்சுக் கோத்தார்கள். அதை முடிக்கும்வரை உயிர் வேண்டும் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். 1922 ஏப்ரல் 5-ஆம் தேதி அவர் இறந்தபோது மொழிபெயர்ப்பு வேலை முடிந்திருந்தது.

மகளைக் காப்பாற்றாத ஜெபத்தை அவர் விட்டுவிடவில்லை. மறுநாள் காலையிலும் முழங்காலிட்டார். எழுந்ததும் அச்சுப்பிழை திருத்த உட்கார்ந்தார்.