ஒரே வரியில் இரு பெயர்கள்

கூலிம் நகரத்தின் வைகறை இன்று தொழிற்சாலைப் பேருந்துகளின் ஒலியோடு புலர்கின்றது. 1996-ஆம் ஆண்டில் மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்காவாகத் தொடங்கப்பெற்ற கூலிம் ஹைடெக் பூங்காவிலிருந்து இரவுப் பணியினர் திரும்ப, பகற்பணியினர் அதனை நோக்கி விரைகின்றனர். முன்னைய தலைமுறையில் இதே நேரத்தில் இவ்வட்டாரத்து மக்கள் பால்மரக் காட்டின் ஓரத்தில், பெரட்டுக் களத்தில், பெயர் கூப்பிடக் காத்து நின்றனர். பெயர் ஏட்டில் ஏறினால் கூலி உண்டு, ஏறாவிட்டால் இல்லை. ஏட்டில் ஒரு பெயர் இருப்பதன் பொருளைத் தோட்டத்து மக்கள் அறிந்த அளவுக்குப் பிறர் அறிந்திருத்தல் அரிது.

அந்நகரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கின்றார். அவருடைய பாட்டி பாடாங் செராய்ப் பகுதித் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். சப்பானியர் ஆட்சியில், 415 கிலோமீட்டர் நீளச் சயாம் மரண இரயில்பாதைக்கு ஆள் பிடித்தபோது, பாட்டியின் கணவரும் பிடிபட்டார். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது, 1945-இல் போரும் முடிந்தது, போனவர் திரும்பவில்லை. மாரியம்மன் கோயில் முன்றிலில், உற்றார் நடுவில் கட்டிய தாலி ஒன்றே அத்திருமணத்திற்குச் சான்று. தோட்டத்துப் பேரேட்டில் அவர் பெயர் ஒரு பக்கத்திலும் இவர் பெயர் வேறொரு பக்கத்திலும் இருந்தன. இருவரையும் கணவன் மனைவி எனச் சேர்த்துக் காட்டும் வரி எந்த ஏட்டிலும் இல்லை. 'இன்னாரின் மனைவி' என எந்த அலுவலகத்தில் போய்ச் சொன்னாலும், 'அதற்கு என்ன ஆதாரம்?' என்ற கேள்வியே அம்மூதாட்டிக்கு விடையாகக் கிடைத்தது. இதனைக் கேட்டே ஆசிரியர் வளர்ந்தார்.

2025-ஆம் ஆண்டு சனவரித் திங்களின் இறுதியில், ஒரு மாலைப் பொழுதில், அவரிடம் பயின்ற மாணவி ஒருத்தி அவரைக் காண வந்தாள். பூங்காவில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளராகப் பணிபுரிபவள்; நாற்பதை நெருங்குபவள். ஆசிரியர் வழக்கம்போல், "வாம்மா, எப்போது எங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த நாளிதழை விரித்து அவர்முன் வைத்தாள். தாய்லாந்தில் ஒரே பாலினத்தவர் இருவர் திருமணத்தைப் பதிவுசெய்துகொண்டு நிற்கும் படம் அதில் இருந்தது.

"ஐயா, பன்னிரண்டு ஆண்டுகளாக நானும் என் தோழியும் ஒரே வீட்டில் வாழ்கின்றோம். தோழி என்றுதான் ஊருக்குச் சொல்லியிருக்கின்றேன். சென்ற ஆண்டு அவளுக்கு அறுவை மருத்துவம் நடந்தது. கையெழுத்திட உறவினர் வேண்டும் என்றார்கள். 'நீங்கள் நோயாளிக்கு என்ன உறவு?' என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகளாக அவளோடு பேசாத அண்ணன் வந்து கையெழுத்திடும்வரை நான் வெளியே நின்றேன்."

ஆசிரியர் மறுமொழி கூறவில்லை. அவர் உள்ளத்தில் வேறொரு காட்சி எழுந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நடையில் சற்று நளினம் காட்டிய மாணவன் ஒருவனை அவர் வகுப்பில் எள்ளி நகையாடினார். வகுப்பே கொல்லெனச் சிரித்தது. மூன்றாம் வரிசையில் இருந்த இந்த மாணவி அன்று சிரித்தாளா, தலை குனிந்தாளா என்பது அவர் நினைவில் இல்லை. நினைவில் இல்லாததுதான் அவரை வருத்தியது.

அவள் சென்றபின் அச்செய்தியை அவர் ஊன்றிப் படித்தார். கெடா மாநிலத்தவருக்குச் சயாம் அயலூர் அன்று. 1909-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் ஆங்கிலேயர் கைக்கு மாறும்வரை கெடா சயாமின் மேலாட்சியில் இருந்த நாடு. இன்றும் புக்கிட் காயு ஈத்தாம் எல்லையைக் கடந்து ஹாட்யாய் செல்வது இங்குள்ள குடும்பங்களுக்கு விடுமுறைப் பழக்கம். அத்துணை அருகில் நிகழ்ந்த ஒன்றைத் தாம் அறியாதிருந்தது அவருக்கு வியப்பாயிற்று.

தாய்லாந்துச் சட்டத்தின் இயல்பு கருதத்தக்கது. அந்நாட்டின் குடிமையியல் சட்டத்தின்படி, பிக்குகள் வாழ்த்தினாலும், சுற்றத்தார் கைகளில் புனிதநீர் வார்த்தாலும், பதிவு செய்யப்பட்டால் மட்டுமே அது திருமணம். ஆதலால் ஒரே பாலினத்து இணையர் ஊரறிய விழா எடுத்து வாழ்ந்தபோதும் சட்டத்தின் கண்ணில் அயலாராகவே இருந்தனர். சட்டத்தின் 1448-ஆம் பிரிவு 'ஆண், பெண்' என்றே கூறியது. பதிவு அலுவலகம் சென்றவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். வழக்கு அரசமைப்பு நீதிமன்றம் சென்றது. 2021 நவம்பர் 17-ஆம் நாள், அப்பிரிவு அரசமைப்புக்கு முரணன்று என நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும், இவர்தம் உரிமைக்குச் சட்டம் இயற்றுமாறு பரிந்துரையும் செய்தது.

தோற்றவர்கள் சோர்ந்துவிடவில்லை. 2022-இல் முதல் வாசிப்பைக் கடந்த மசோதாக்கள், நாடாளுமன்றம் கலைந்தமையால் நிறைவேறாது நின்றன. மீண்டும் முயன்றனர். 2024 மார்ச் 27-இல் கீழவை 400 வாக்குகளுக்கு 10 என்ற கணக்கில் ஏற்றது. சூன் 18-இல் மேலவையும் ஏற்றது. செப்டம்பரில் அரசிதழில் வெளிவந்த சட்டம், 2025 சனவரி 23 முதல் நடைமுறை கண்டது. தைவான், நேப்பாளம் ஆகியவற்றை அடுத்து ஆசியாவிலும், முதன்முதலாகத் தென்கிழக்கு ஆசியாவிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. முதல் நாளில் மட்டும் 1,800-க்கும் மேற்பட்ட இணையர் பதிந்துகொண்டனர்.

சட்டத்தில் மாறியவை சில சொற்களே. 'ஆண், பெண்' என்றிருந்த இடத்தில் 'இருவர்' என்றும், 'கணவன், மனைவி' என்றிருந்த இடத்தில் 'துணைவர்' என்றும் பொருள்படும் சொற்கள் அமைந்தன. அச்சொற்களின் வழியே மருத்துவ இசைவு, சொத்துரிமை, மரபுரிமை, குழந்தையைத் தத்தெடுத்தல் ஆகிய அனைத்தும் வந்து சேர்ந்தன. எனினும், 'தந்தை, தாய்' என்னும் சொற்கள் பொதுச்சொல்லாக மாற்றப்படவில்லை. பால்மாறியோர் தம் பாலினத்தைச் சட்டப்படி மாற்றிப் பதியும் உரிமையும் இச்சட்டத்தால் கிட்டவில்லை. வெற்றி பெரிது, முழுமையன்று.

'இவையெல்லாம் நம் மரபுக்கு ஏற்குமா?' என்னும் வினா ஆசிரியர் நெஞ்சில் எழாமல் இல்லை. அவர் மரபை நேசிப்பவர். அம்மரபையே அவர் புரட்டிப் பார்த்தார். காதலர் தம் சொல்லில் பொய்த்து, ஒழுக்கத்தில் தவறத் தொடங்கிய பின்னரே சான்றோர் மணச்சடங்கை வகுத்தனர் எனத் தொல்காப்பியக் கற்பியல் கூறுவதை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியவர் அவர். அன்பு முந்தியது, சான்று பிந்தியது. கைவிடப்படுவோரைக் காக்கவே சான்று வந்தது. இதனை அவர் அறிந்திருந்தார். ஆனால் இந்த மாணவியை எண்ணி ஒருநாளும் ஓதியதில்லை.

தமிழர் திருமணங்களே சட்டத்தின் வாயிலில் காத்துநின்ற காலமும் உண்டு. புரோகிதரும் வேள்வித்தீயும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்று செல்லாது என 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரார் கூடி வாழ்த்திய மனைவியர், சட்டத்தின்முன் மனைவியர் அல்லர் ஆயினர். அறிஞர் அண்ணாவின் ஆட்சியில் இயற்றப்பெற்று 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டமே அத்தகைய திருமணங்களை, முன்னர் நடந்தவற்றையும் சேர்த்து, செல்லுபடியாக்கியது. அதற்கு முன் அவற்றை 'மரபுக்கு ஒவ்வாதவை' என்றவர் பலர். இன்று அம்மணங்கள் மரபாகவே ஆகிவிட்டன.

அண்மைக் காலத்துத் தமிழ்நாட்டுச் செய்தி ஒன்று ஆசிரியரைப் பெரிதும் ஈர்த்தது. மதுரையிலிருந்து வந்து பாதுகாப்புக் கோரிய இரு பெண்களின் வழக்கை 2021-இல் விசாரித்தவர் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ். இப்பொருளைத் தாம் முழுதும் அறிந்தவரல்லர் என்று ஒளிவின்றி ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து கேட்டறிந்த பின்னரே அவர் தம் தீர்ப்பை எழுதினார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, இம்மக்களை இழிவின்றிக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. இந்திய உச்சநீதிமன்றமோ, 2023 அக்டோபர் 17-ஆம் நாள், ஒரே பாலினத்தவர் திருமணத்தை ஏற்பது நாடாளுமன்றத்தின் பொறுப்பு எனக் கூறி விலகிக்கொண்டது. திருமணம் கிட்டவில்லை, எனினும் ஒரு நீதிபதி கற்றுக்கொண்டார், ஒரு மொழி தன் சொற்களைத் திருத்திக்கொண்டது.

மலேசியாவின் நிலை வேறு. முஸ்லிம் அல்லாதார்க்குரிய 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்காற்றின்படி நடந்த திருமணங்களைப் பதிவுபெற்றனவாகவே அது கொண்டது. அதன்பின் ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறியையும் பதிவையும் கட்டாயமாக்கியது. பதிவு ஏட்டின் துணையின்றி நின்ற எத்தனையோ தோட்டத்துப் பெண்களுக்கு அது அரண் ஆயிற்று. அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு, மணப்போர் ஆணும் பெண்ணுமாக இல்லாவிடின் அம்மணம் செல்லாது என்கின்றது. நாட்டின் சமயமும் சட்டமும் பெரும்பாலோர் எண்ணமும் இதில் ஒருமுகமாக நிற்கின்றன. எல்லைக்கு அப்பால் பெறும் சான்றிதழ் எல்லைக்கு இப்பால் வெறுந்தாளே. இதனை அம்மாணவி நன்கு அறிவாள். சட்டத்தை மாற்றித் தருமாறு அவள் ஆசிரியரைக் கேட்க வரவில்லை. பின் எதற்காக வந்தாள்? 'என்ன உறவு?' என்ற கேள்விக்குத் தன் விடையை ஒருவரிடமாவது உரக்கச் சொல்ல வந்தாள். அதற்குத் தன் ஆசிரியரைத் தேர்ந்தாள்.

இதனை உணர ஆசிரியருக்குச் சில நாள்கள் ஆயின. ஆதாரம் கேட்கப்பட்டு நின்ற பாட்டியின் முகமும், மருத்துவமனை வாயிலில் நின்ற மாணவியின் முகமும் அவர் உள்ளத்தில் அருகருகே வந்து நின்றன.

அவ்வாண்டின் நடுப்பகுதியில் அவருடைய பேத்திக்குத் திருமணம் உறுதியாயிற்று. அழைப்பிதழ் உறைகளில் முகவரி எழுதும் பணியை அவரே ஏற்றார். 'திரு. திருமதி', 'குடும்பத்தினர்' என எழுதிக்கொண்டே வந்தவர், மாணவியின் பெயர் வந்ததும் எழுதுகோலை நிறுத்தினார். என்ன எழுதுவது? ஐம்பது ஆண்டுகள் பிறர் பிள்ளைகளுக்குச் சொல் கற்பித்தவருக்கு அக்கணம் ஒரு சொல் அகப்படவில்லை. தோழியின் முழுப்பெயரும் தமக்குத் தெரியாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தொலைபேசியை எடுத்தார்.

"அம்மா, உன் வீட்டில் இருப்பவரின் பெயரை எப்படி எழுதுவது? எழுத்துக் கூட்டிச் சொல்."

மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பின்னர் அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். ஆசிரியர் இரு பெயர்களையும் ஒரே வரியில் எழுதினார். மை உலரும்வரை உறையைத் திருப்பாமல் வைத்திருந்தார்.