குறிப்பறிதல்

குறிப்பறிதல் என்னும் பெயரால் வள்ளுவர் ஈரதிகாரம் வகுத்தார்: 71-ஆவது அமைச்சியலில், 110-ஆவது களவியலில். சூதினையோ 94-ஆம் அதிகாரத்திற் கடிந்தார். ஆயினும் போக்கர் என்னும் சீட்டாட்டத்திற்குக் குறிப்பறிதலே உயிர். கையிலுள்ளவை எளிய சீட்டுகளாயினும் எதிரி அஞ்சி விலகின் பணயம் நமதாம். ஆதலின் ஆடுவோர் சீட்டினும் முகத்தையே மிக நோக்குவர்.

மதுரைக்குத் தெற்கே, திருமங்கலத்தை அடுத்த கரிசற்காட்டு ஊர் எம்முடையது. விடுமுறையில் ஆண்டுத் திண்ணையிலமர்ந்து, புளியங்கொட்டையைப் பணயமாக வைத்து, இவ்வாட்டத்தை யானும் பயின்றேன். வெறுங்கையன் பெரும்பாலும் அசையாதிருப்பான். நல்ல சீட்டுடையான் கை மகிழ்ச்சியால் நடுங்கும். எனினும் ஒருவனது இயல்பை முன்னறியாதார்க்கு இவ்வடையாளங்கள் பயன்படா.

ஒருநாள், எப்போதும் சிரித்துப் பேசும் தோழன் வாளா இருந்தான். வெறுங்கையென்று கருதி மற்றையோர் பணயத்தை உயர்த்தினர். யான் சீட்டை மடக்கிவிட்டு, அவனைத் தனியே அழைத்து வினவினேன். மழை பொய்த்தமையால் கட்டணத்திற்கு வழியின்றிப் படிப்பை விடத் துணிந்திருந்தான். ஆசிரியர் ஒருவரிடம் இருவரும் சென்றோம். அவருதவியால் அவன் இன்றும் பயில்கின்றான்.

2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் போக்கரைத் திறமையாட்டம் என்றது. 2025-இல் நடுவணரசு இயற்றிய சட்டம் இணையத்திற் பணம் வைத்தாடுதலை விலக்கிற்று. திறமை மெய்யே. ஆனால் பிறன் முகத்தை அவன் பொருளைக் கவரப் படித்தல் வேறு. அவன் சுமையைத் தாங்கப் படித்தல் வேறு. பின்னதே கற்றார்க்கு அழகு.