பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே மூன்று மாதம்

அமெரிக்கப் படிப்பு என்றதும் ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அந்த நாட்டில் பள்ளி முடித்த பிள்ளைகளில் ஏராளமானோர் போவது அங்கெல்லாம் இல்லை. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருக்கும் சமுதாயக் கல்லூரிக்குத்தான் போகிறார்கள். அங்கே 'கம்யூனிட்டி காலேஜ்' என்பார்கள். இரண்டு வருடப் படிப்பு, குறைந்த கட்டணம். பள்ளி முடித்திருந்தால் போதும், இடம் உண்டு. கட் ஆஃப் கிடையாது, சிபாரிசு கிடையாது. நர்ஸ் ஆகலாம், வெல்டிங் கற்கலாம், இரண்டு வருடம் முடித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் சேரலாம். நாடு முழுக்க இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள்.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? கதவு திறந்தே இருக்கிறது, உள்ளே போக வேண்டியதுதானே?

சிக்கல் கதவில் இல்லை. கதவு வரைக்கும் போகிற வழியில் இருக்கிறது.

முதலில் ஒரு வேடிக்கை. நாட்டின் முதல் பொதுச் சமுதாயக் கல்லூரி என்று சொல்லப்படுவது இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஜூனியர் கல்லூரி. 1901ல் ஆறு மாணவர்களோடு, ஒரு உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே ஆரம்பித்தது. பள்ளியை இன்னும் இரண்டு வருடம் நீட்டுவதுதான் யோசனை. அதாவது பள்ளியின் வயிற்றில் பிறந்த பிள்ளை இது. பிறகு இரண்டும் தனித்தனி வீடாகிவிட்டன. தனி நிர்வாகம், தனி பட்ஜெட், தனி பாடத்திட்டம். பள்ளியின் பொறுப்பு சான்றிதழ் கொடுப்பதோடு முடிகிறது. கல்லூரியின் பொறுப்பு முதல் வகுப்பில் ஆரம்பிக்கிறது. நடுவில் இருக்கும் மூன்று மாதக் கோடை விடுமுறை யாருடைய பொறுப்பு? யாருடையதும் இல்லை!

அந்த மூன்று மாதத்தில் காணாமல் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில். மே மாதம் 'கல்லூரிக்குப் போகிறேன்' என்று சொன்ன பிள்ளை செப்டம்பரில் வகுப்பில் இருக்காது. ஆராய்ச்சியாளர்கள் இதற்கு 'சம்மர் மெல்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோடையில் உருகிப்போவது. உருகுவது பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிறவர்கள். காரணம் சோம்பேறித்தனம் அல்ல. உதவித்தொகைப் படிவம், தடுப்பூசிச் சான்று, தகுதிகாண் தேர்வுக்கு நாள் குறிப்பது, வகுப்புக்குப் பதிவு செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கும். வீட்டில் கேட்க ஆள் இல்லை. பள்ளியின் ஆலோசகரோ விடுமுறையில். பள்ளி நடக்கும்போது மட்டும் என்ன வாழ்ந்தது? 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சங்கத்தின் பரிந்துரை. தேசிய சராசரி அதை எப்போதோ தாண்டிவிட்டது.

பென் காசல்மன், லிண்ட்சே பேஜ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சின்ன விஷயம் செய்து பார்த்தார்கள். கோடையில் அந்தப் பிள்ளைகளின் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ் அனுப்பினார்கள். 'இந்தப் படிவத்துக்கு இதுதான் கடைசி நாள், உதவி வேண்டுமானால் பதில் போடு.' அவ்வளவுதான். ஆளுக்குச் சில டாலர்தான் செலவு. உதவி குறைவாகக் கிடைத்த ஊர்களில் கல்லூரியில் சேர்ந்தவர் எண்ணிக்கை கூடியது. ஒரு குறுஞ்செய்தியால் மாறக்கூடிய வாழ்க்கைகள் இத்தனை நாளும் எதனால் வீணாகிக்கொண்டிருந்தன என்று யோசித்தால் கொஞ்சம் கோபம்கூட வருகிறது.

சரி, உள்ளே சேர்ந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது தகுதிகாண் தேர்வு. பள்ளியில் கணக்குப் பாஸ் செய்த அதே பையனிடம், 'உன் கணக்கு போதாது, முதலில் அடிப்படை வகுப்புப் படி' என்பார்கள். அந்த வகுப்புக்குக் கட்டணம் உண்டு, பட்டத்துக்கான மதிப்பு கிடையாது. சிலருக்கு இப்படி இரண்டு மூன்று வகுப்புகள் அடுக்கடுக்காக. ஏற்கெனவே படித்ததைக் காசு கொடுத்துத் திரும்பப் படிக்க யாருக்கு மனசு வரும்? பலர் கல்லூரிப் பாடத்தைத் தொடாமலேயே வெளியேறினார்கள். கலிஃபோர்னியா 2017ல் ஒரு சட்டம் கொண்டு வந்தது: ஒரு நாள் தேர்வை நம்பாதே, பள்ளியில் நான்கு வருடம் அவன் வாங்கிய மதிப்பெண்ணைப் பார், நேரடியாகக் கல்லூரிப் பாடத்தில் போடு, கூடவே உதவி கொடு. அதன் பிறகு கல்லூரிக் கணக்கு, ஆங்கிலம் இரண்டையும் முதல் வருடத்திலேயே முடிப்பவர்கள் அதிகமானார்கள்.

இந்த இடைவெளியை அடைக்க முயற்சி நடக்காமல் இல்லை. 1985ல் டேல் பார்னல் என்பவர் 'புறக்கணிக்கப்பட்ட பெரும்பான்மை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். எல்லாரும் முதல் பெஞ்சையும் கடைசி பெஞ்சையும் பற்றியே பேசுகிறார்கள், நடு பெஞ்சுக்காரனை யார் கவனிப்பது என்பதுதான் அவர் கேள்வி. (நடு பெஞ்சு நண்பர்கள் கவனிக்கவும்!) பள்ளியின் கடைசி இரண்டு வருடத்தையும் கல்லூரியின் இரண்டு வருடத்தையும் ஒரே பாடத்திட்டமாகக் கோக்கலாம் என்றார். 1990ல் மத்திய அரசு இதற்கு 'டெக் பிரெப்' என்ற பெயரில் தனியாகப் பணம் ஒதுக்கியது. இருபது வருடம் ஓடியது. 2011ல் அந்த ஒதுக்கீடு நின்றது.

இன்னொரு வழி, பள்ளியையே கல்லூரிக்குள் கொண்டுபோய் வைப்பது. 1974ல் நியூயார்க்கின் லாகார்டியா சமுதாயக் கல்லூரி வளாகத்திலேயே ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கினார்கள். படிப்பை விட்டுவிடுவான் என்று பயந்த பிள்ளைகளுக்காக! தினமும் கல்லூரி மாணவர்களோடு ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறவனுக்குக் கல்லூரி அந்நியமாகத் தெரியாது என்பது கணக்கு.

மூன்றாவது வழி, பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் எடுப்பது. மின்னசோட்டா 1985லேயே இதற்கு வழி செய்தது. இன்று இது பெரிய அலை. 2022-23ல் ஏறக்குறைய 25 லட்சம் பள்ளி மாணவர்கள் ஏதாவது ஒரு கல்லூரிப் பாடம் எடுத்திருக்கிறார்கள். ஆனால் இதிலும் ஏழை மாணவர்களும் கறுப்பின மாணவர்களும் அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் இல்லை. பாலம் கட்டியாயிற்று, அதில் முதலில் நடந்தவர்கள் எப்படியும் கரையேறி இருப்பவர்கள்!

வேலையோடு சேர்த்து யோசித்தது பி-டெக் பள்ளி. 2011ல் புரூக்ளினில் ஐ.பி.எம் நிறுவனமும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமும் நகரக் கல்வித்துறையும் சேர்ந்து ஆரம்பித்தன. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால் ஆறு வருடத்தில் பள்ளிச் சான்றிதழும் இரண்டு வருடக் கல்லூரிப் பட்டமும் இலவசம். நுழைவுத்தேர்வு கிடையாது. வழிகாட்ட நிறுவனத்திலிருந்து ஒருவர் வருவார். 2013ல் ஒபாமாவே நேரில் போய்ப் பார்த்தார்.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'வேலைக்குப் பயன்படும் படிப்பு' என்ற பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1915ல் ஜான் டூயியும் டேவிட் ஸ்னெடனும் இதைப் பற்றித்தான் மோதிக்கொண்டார்கள். தொழிற்சாலைக்குத் தேவையான ஆட்களைத் தனியாகப் பயிற்றுவிக்கலாம் என்றார் ஸ்னெடன். குழந்தைகளைப் பிரித்து 'நீ சிந்திக்க, நீ உழைக்க' என்று முத்திரை குத்துவது ஜனநாயகம் இல்லை என்பது டூயியின் கட்சி. அதற்குப் பின் வந்த தொழிற்கல்வி வகுப்புகளுக்குள் யாரைத் தள்ளினார்கள் என்று பார்த்தால் டூயியின் பயம் நியாயம்தான் என்று தெரியும். ஏழைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும்தான்.

ஆகவே ஒரு திட்டம் நல்லதா கெட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான கேள்வி உண்டு. அந்தப் பிள்ளை நாளைக்கு மனசு மாறினால் வேறு பக்கம் போக வழி இருக்கிறதா? சமுதாயக் கல்லூரியில் சேர்கிறவர்களில் நூற்றுக்கு 80 பேர் நான்கு வருடப் பட்டம் வரை போகத்தான் ஆசைப்படுகிறார்கள். அடுத்த கல்லூரிக்கு மாறுகிறவர்கள் மூன்றில் ஒருவர்தான்.

பணம் கொடுத்தால் சரியாகிவிடுமா? டென்னஸி மாநிலம் 2015ல் பள்ளி முடித்தவர்களிலிருந்து தொடங்கி இரண்டு வருடக் கல்லூரிக் கட்டணத்தை இலவசமாக்கியது. மற்ற உதவித்தொகை போக மிச்சத்தை மாநிலம் கட்டும். ஆனால் அவர்கள் பணத்தோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு தன்னார்வ வழிகாட்டியைக் கொடுத்தார்கள். மாணவனும் ஒவ்வொரு பருவத்துக்கும் எட்டு மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டும்.

சேர்ந்த பிறகு கைவிடாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க்கின் 'ஏசாப்' திட்டம் சாட்சி. 2007ல் தொடங்கியது. முழுநேரம் படிக்க வேண்டும். பதிலுக்குக் கட்டணத்தில் விழும் துண்டு, புத்தகம், பஸ்-ரயில் பாஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, அடிக்கடி கூப்பிட்டுப் பேசும் ஓர் ஆலோசகர். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். மூன்று வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் வழக்கமான குழுவில் 22 சதவீதம், இந்தக் குழுவில் 40 சதவீதம். அதே கல்லூரிகள், அதே மாதிரிப் பிள்ளைகள்!

நாற்பதுதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த 22க்கும் 40க்கும் நடுவில் இருக்கும் 18 பேரைப் பாருங்கள். எந்தத் திட்டமும் இல்லாதபோது அவர்களை 'படிப்பு ஏறவில்லை' என்று சொல்லியிருப்பார்கள். வீட்டில் சொல்லியிருப்பார்கள், ஆசிரியர் சொல்லியிருப்பார், கொஞ்ச நாளில் அவர்களே நம்பியும் இருப்பார்கள். உண்மையில் அவர்களுக்குக் குறைந்தது மூளை இல்லை. ஒரு பஸ் பாஸும், 'ஏன் போன வாரம் வரவில்லை?' என்று கேட்க ஓர் ஆளும்தான்.

திறந்த கதவு நல்ல விஷயம்தான். ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வராதவனைக் குறை சொல்வது சுலபம். வாசலுக்கு வெளியே இறங்கி நின்று 'வா' என்று கூப்பிட ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதுதான் கஷ்டம். நல்ல பலன் கண்ட திட்டங்கள் அந்தக் கஷ்டத்தைத் தட்டிக் கழிக்கவில்லை.