'ஸ்பார்க்' இல்லாத பிள்ளை

2020 ஒக்டோபரில் பள்ளிக்கூடம் திரும்பவும் மூடியாச்சு. இரவில் எங்களுக்கு மிஞ்சியது ஐபிஎல்தான். சோனகதெருவில் பாதிப்பேர் சென்னை ஆட்கள் (அந்த வருசம் கொஞ்சப்பேர் ஒளித்துக்கொண்டார்கள்).

கொரோனாவால் அமீரகத்தில், ஆளில்லா மைதானத்தில் நடந்த தொடர். ரெய்னா தொடங்க முன்னமே ஊர் திரும்பிவிட்டார். கொல்கத்தாவிடம் 10 ஓட்டத்தால் தோற்ற அன்று ரி.வி.யை நிப்பாட்டிவிட்டுப் படுத்தோம். முடிவில் 14 போட்டியில் 6 வெற்றி, ஏழாமிடம். சென்னை பிளே ஓஃப் போகாதது அதுதான் முதல் தடவை.

ஒக்டோபர் 19, ராஜஸ்தானிடம் தோற்றபிறகு டோனி சொன்னார், இளம் வீரர்களிடம் அந்த 'ஸ்பார்க்' தெரியவில்லை என்று. ருத்துராஜ் கொரோனா வந்து தனிமையில் கிடந்து பிந்திச் சேர்ந்தவர். அதுவரை ஆடியதே இரண்டு போட்டி. கடைசி மூன்று போட்டியில் 65, 72, 62. மூன்றிலும் சென்னை வென்றது. ஆனால் பிந்திப்போச்சு.

ஆசிரியர்கள் நாங்களும் அதையே சொல்லியிருக்கிறோம். ஜூலையில் பள்ளிக்கூடம் திறந்தபோது, வீட்டில் போன் இல்லாததால் மாதக்கணக்காகப் பாடமே பார்க்காத ஒரு பிள்ளை வெறுங்கொப்பியை நீட்டினான். "இவனிட்ட ஒண்டும் இல்லை" என்றோம். அறையில் ஒருத்தரும் மறுக்கவில்லை.

நவம்பர் கடைசியில் திரும்பத் திறந்ததும் அவனைத் தேடினோம். மாமாவின் கடையில் நிற்கிறானாம்.