மணி ஓய்ந்த நாட்கள்

கோயில் மணியை நேரம் அறிவிக்கும் கருவியென்றே பலரும் கருதுவர். முல்லைத்தீவுக் கரையோரக் கத்தோலிக்கக் கிராமமொன்றிற் பிறந்த எனக்கோ அது ஊரின் குரல். காலை, நண்பகல், மாலை ஆகிய முப்பொழுதும் திரிகால மணி ஒலிக்கும். கரைவலை இழுப்போர் தலைத்துண்டை அவிழ்த்து ஒருகணம் நிற்பர். அடுப்படியிற் பெண்கள் சிலுவை அடையாளமிடுவர். இடைவெளி விட்டுத் தனித்தனியே ஒலி விழுந்தால் அது துக்க மணி. "ஆர் போனது?" என்ற வினா வேலிக்கு வேலி தாவும்.

மணிக்கயிறு இழுத்தவர் என் பாட்டனார். பெரிய வியாழன் திருப்பலியில் 'உன்னதங்களிலே' கீதத்தின்போது முழங்கும் மணி, உயிர்ப்புத் திருவிழிப்பில் அக்கீதம் மீண்டும் பாடப்படும்வரை ஓய்ந்திருக்கும். அந்நாட்களிற் சிறுவர் கைக்கு எட்டாதபடி கயிற்றை உயரக் கட்டிவைப்பார். எமக்கு அவ்வோய்வு நீண்டதாகத் தோன்றும்.

அதனினும் நீண்ட ஓய்வை இம்மண் கண்டிருக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் கைப்பற்றியபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1670இல் மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்து வந்தோர் மருதமடுக் காட்டிற் தஞ்சம் புகுந்தனர் என்பது மரபு. மறைந்து வாழ்வோர் மணியடிப்பது எங்ஙனம்? கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை ஆங்கிலத் தேசாதிபதி மெயிற்லண்ட் நீக்கியது 1806இலேயாகும்.

ஏட்டிற் படித்த அம்மௌனத்தை 2009இல் நேரிற் கண்டோம். இடம்பெயர்ந்து சென்ற வழியில், அவ்வாண்டு மார்ச் மாதம் பாட்டனார் இறந்தார். பதுங்குகுழி அருகே அவசரமாக அடக்கம் செய்தோம். ஆயுள் முழுதும் பிறருக்கு மணியடித்தவருக்கு மணியில்லை. ஏப்ரல் 12ஆந் திகதி உயிர்ப்பு ஞாயிறு வந்தது. அன்றும் எமக்கு மணியோசை கேட்கவில்லை.

மீள்குடியேறியபோது மணிக்கோபுரம் சரிந்து கிடந்தது, மணியைக் காணவில்லை. வேப்பமரத்திற் தண்டவாளத் துண்டொன்றைத் தொங்கவிட்டோம். செம்பு நான்கு பங்கும் வெள்ளீயம் ஒரு பங்குமாக வார்த்த வெண்கலத்தின் நீண்ட கார்வை அவ்விரும்பில் இல்லை. ஆயினும் முதல் ஞாயிறன்று எல்லாரும் வந்தனர். வழிபாடு முடிந்ததும் ஆச்சி என் கையைப் பற்றினார்.

"அப்புவுக்கு இன்னும் மணி அடிக்கேல்லை, மோனை."

இரும்புக் கம்பியை எடுத்து, இடைவெளி விட்டு அடித்தேன். வீடு நோக்கி நடந்தவர்கள் திரும்பி வந்தனர். "ஆர் போனது?" என்று எவரும் கேட்கவில்லை. அயலிலிருந்த தாயொருத்தி தன் மகனின் பெயரைச் சொன்னாள், அவனுக்கும் அடித்தேன். பின்னர் ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு பெயரைச் சொன்னார்கள். அந்தி சாயும்வரை என் கை ஓயவில்லை.

இன்று எம் ஆலயத்திற் புதிய மணி உண்டு. ஆண்டுதோறும் பெரிய வாரத்தில் ஊர் செல்கிறேன். வியாழனிரவு கயிற்றை உயரக் கட்டிவைப்பது இப்பொழுது என் பணி. மூன்றாம் நாள் அதை அவிழ்க்கலாம் என்ற உறுதியோடுதான் கட்டுகிறேன்.