உயர்திணைத் தவளை

சென்ற வாரம் எங்கள் துறையில் என் ஆய்வு முன்னேற்றக் கருத்தரங்கு நடந்தது. உயிருடைமை என்னும் இலக்கணக் கூறு பேச்சில் எவ்வாறு நெகிழ்கிறது என்பதே என் ஆய்வுப் பொருள். சான்றுகளில் ஒரு பகுதியை, 2011ஆம் ஆண்டில் மப்பெட்டுகள் திரையரங்குகளுக்குத் திரும்பி வந்தபோது அமெரிக்க இரசிகர்கள் எழுதியவற்றிலிருந்து எடுத்திருந்தேன். நான் பேசி முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "துணிப் பொம்மைக்காக வளர்ந்தவர்கள் அழுததில் மொழியியலுக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார். கேள்வியில் ஏளனம் இல்லை. அதனால்தான் பதில் சொல்வது கடினமாயிற்று. ஏதோ முணுமுணுத்து அமர்ந்தேன். அன்று சொல்ல வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் செய்தி. ஜிம் ஹென்சன் 1955இல், தம் தாயார் போட்டுக் கழித்த மேலங்கி ஒன்றின் நீலப்பச்சைத் துணியை வெட்டி, மேசைப் பந்து ஒன்றின் இரு பாதிகளைக் கண்களாக வைத்து ஒரு பொம்மை செய்தார். வாஷிங்டன் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் சிறு நிகழ்ச்சிக்காகப் பிறந்த அந்தப் பொம்மைதான் கெர்மிட். 1976 முதல் 1981 வரை இங்கிலாந்தில் படமாக்கப்பட்ட மப்பெட் நிகழ்ச்சியின் 120 பகுதிகள் அவனை உலகறியச் செய்தன. 1979இல் முதல் திரைப்படம் வந்தது. ஹென்சன் 1990ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள், 53ஆம் வயதில் திடீரென இறந்தார். அதன் பின்னும் படங்கள் வந்தன. 1999க்குப் பிறகு திரையரங்குப் படம் நின்றுபோயிற்று. 2004இல் மப்பெட்டுகளை டிஸ்னி வாங்கியது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின், 2011 நவம்பரில், ஜேம்ஸ் போபின் இயக்கத்தில் 'தி மப்பெட்ஸ்' வெளியாயிற்று. அதை எழுதிய இருவருள் ஒருவரும் அதில் நடித்தவருமான ஜேசன் சீகல் சிறு வயதிலிருந்தே மப்பெட் இரசிகர்.

இதுவரை எழுதியதில் ஒரு சொல்லைக் கவனித்திருப்பீர்கள். "அவனை உலகறியச் செய்தன" என்றேன். தவளை அஃறிணை. துணித் தவளை அதனினும் அஃறிணை. "அதனை உலகறியச் செய்தன" என்பதே வழாநிலை. எழுதிப் பார்த்தேன், கை ஒப்பவில்லை. ஆங்கில இரசிகர்களுக்கும் இதே நிலைதான். கெர்மிட்டுக்கு அவர்கள் ஆண்பாற் பெயரைத்தான் ஆள்கிறார்கள். ஆனால் அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கெர்மிட்டைப் பற்றி எழுதும்போது அதே இரசிகரின் வாக்கியம் சில வேளைகளில் அஃறிணைக்கு மாறுகிறது. துணி அதே துணிதான். உள்ளே ஒரு கை இருக்கிறதா, ஒரு குரல் வருகிறதா என்பதைப் பொறுத்துத் திணை மாறுகிறது.

நம் இலக்கணிகளுக்கு இது புதிதன்று. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் வழுவி வந்தாலும் அது இயல்பே என்று நன்னூல் ஏற்கிறது. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பவன் பிழை செய்யவில்லை. அவன் உவப்பு அங்கே இலக்கணமாகிறது. அன்பைப் பிழைப்பட்டியலில் சேர்க்காமல் விதிக்குள்ளேயே இடம் ஒதுக்கிய மரபு நம்முடையது. பேராசிரியருக்கு என் முதல் பதில் இதுவாக இருந்திருக்க வேண்டும்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். அது இரசிகர்களைப் பற்றிய படம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். கதையின் நடுவில் நிற்பவன் வால்ட்டர் என்னும் புதிய பொம்மை. மனிதக் குடும்பத்தில் வளர்ந்தவன், அண்ணன் மனிதன். அண்ணன் வளர்கிறான், இவன் வளர்வதில்லை. தொலைக்காட்சியில் மப்பெட்டுகளைக் கண்ட நாளில்தான் தன்னைப் போன்றோர் உலகில் உண்டு என்று அறிகிறான். சிதைந்துகிடக்கும் பழைய மப்பெட் அரங்கை ஓர் எண்ணெய் முதலாளி இடிக்கப்போகிறான் என்று தெரிந்ததும், பிரிந்துபோன குழுவினரை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்க்கிறான். அண்ணனும் தம்பியும் தனித்தனியே நின்று, தான் மனிதனா மப்பெட்டா என்று கேட்டுக்கொள்ளும் பாட்டு ஒன்று உண்டு. பிரெட் மெக்கன்சி எழுதிய அந்தப் பாட்டுக்கு 2012இல் ஆஸ்கர் விருது கிடைத்தது. ஒரு திணைக் கேள்விக்கு விருது கிடைத்தது என்று நான் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

படத்தின் முடிவில், அரங்கை மீட்கத் திரட்ட முயன்ற ஒரு கோடி டாலர் சேர்வதில்லை. தோற்றுப்போய்க் கதவைத் திறந்து வெளியே வருகிறார்கள். தெரு முழுக்க இரசிகர்கள் நிற்கிறார்கள். திரையரங்கில் அழுததாக எழுதியவர்கள் பலர் குறிப்பிடும் இடங்களில் இது ஒன்று. திரைக்குள் நின்ற கூட்டத்தில் அவர்கள் தங்களையே கண்டார்கள். நாம் மறக்கவில்லை என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ள ஓர் இடம் வாய்த்தது.

ஆனால் எல்லாரும் மகிழவில்லை. மிஸ் பிகிக்கும் ஃபாஸி கரடிக்கும் நெடுங்காலம் உயிர் கொடுத்த ஃபிராங்க் ஆஸ் அந்தப் படத்தில் பங்கேற்கவில்லை. திரைக்கதை தமக்கு உவப்பாக இல்லை என்றும், பாத்திரங்களுக்கு உரிய மதிப்பு அதில் தரப்படவில்லை என்றும் வெளிப்படையாகவே சொன்னார். இரசிகர்களிடையேயும் பிளவு இருந்தது. கெர்மிட் தன் நண்பர்களை இத்தனை ஆண்டு தேடாமல் இருந்திருப்பானா? ஃபாஸி இப்படியொரு மலிவான நகைச்சுவையைச் செய்வானா? இக்கேள்விகளின் வடிவம் எனக்கு முக்கியமாகப் பட்டது. திரைக்கதை சரியில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அவன் அப்படிப்பட்டவன் அல்லன் என்றார்கள். படைத்தவருக்கும் கட்டுப்படாத ஓர் இயல்பு, ஒரு குணம், அந்தப் பொம்மைக்கு உண்டு என்பது அந்த வாக்கியத்தின் முன்முடிபு. நம்மில் எவரும் ஒரு நாற்காலியைப் பற்றி அப்படிப் பேசுவதில்லை.

இதைவிட நுண்ணிய வழக்கம் ஒன்றும் உண்டு. ஹென்சனுக்குப் பின் கெர்மிட்டை ஏற்றவர் ஸ்டீவ் விட்மயர். 1990ஆம் ஆண்டு நவம்பரில் ஒளிபரப்பான ஹென்சன் நினைவு நிகழ்ச்சியில், கடைசிக் கட்டத்தில்தான் கெர்மிட் தோன்றினான், குரல் விட்மயருடையது. 2011 படத்திலும் அவரே. பின்னர் அவர் நீக்கப்பட்டு, 2017 முதல் மாட் வோகல் அந்த இடத்துக்கு வந்தார். மப்பெட் மரபில் குரல் ஒருவர், கை ஒருவர் என்பதில்லை. தலைக்குள் கையை விட்டு வாயசைப்பவரே பேசவும் வேண்டும். ஆகவே ஆள் மாறினால் குரலோடு, தலையைச் சாய்க்கும் விதமும் தயங்கும் விதமும் மாறும். இரசிகர்கள் இதை 'ஜிம்மின் கெர்மிட்', 'ஸ்டீவின் கெர்மிட்', 'மாட்டின் கெர்மிட்' என்று எழுதுகிறார்கள். இயற்பெயரின் முன் ஆறாம் வேற்றுமை வந்து, ஒருவனைப் பலனாக்குகிறது. இந்தத் தொடரமைப்பை நான் முதலில் கற்றது ஆங்கிலத்தில் அன்று. வான்மீகியின் இராமன், கம்பனின் இராமன் என்று நாம் சொல்வதில்லையா? இருவரும் வேறு; ஆனால் இராமன் ஒருவனே. இரண்டையும் ஒருசேர நம்புவதில் நமக்கு இடர்ப்பாடு எதுவும் தோன்றுவதில்லை.

சால் கிரிப்கி 1970இல் ஆற்றிய உரைகளில் இயற்பெயர் பற்றிச் சொன்னது இங்கே பொருந்துகிறது. பெயர் என்பது பண்புகளின் தொகுப்புக்குச் சுருக்கம் அன்று. ஒருமுறை பெயரிடப்பட்டபின், ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்குக் கைமாறும் சங்கிலியால் அது தன் பொருளைச் சுட்டுகிறது. பண்புகள் மாறினாலும் சங்கிலி அறுவதில்லை. இதற்குக் கெர்மிட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்குமா என்று தெரியவில்லை. 1955இல் அவன் தவளையே அல்லன். பல்லி போன்ற ஏதோ ஓர் உயிர். தவளையானது பின்னர்தான். இனம் மாறியது, துணி மாறியது, கை மாறியது, குரல் மாறியது. பெயர் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சங்கிலியின் கண்ணிகள் இரசிகர்கள். அவர்கள் அழுதது, சங்கிலி தங்கள் கையில் அறுந்துவிடவில்லை என்ற ஆறுதலால் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் ஆய்வேட்டில் எழுதக்கூடியவை. எழுத முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது.

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது தில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில், அப்பாவின் மடிக்கணினியில். எனக்குப் பதினைந்து வயது. அப்பாவுக்கு அந்த நகைச்சுவைகளில் பாதி விளங்கவில்லை. ஆனால் பழைய நண்பர்களின் படங்கள் தொங்கும் மாளிகையில் கெர்மிட் தனியே இருப்பதைப் பார்த்ததும், "பாவம், ஒத்தையா இருக்கான் பாரு" என்றார். இருக்குது என்று சொல்லவில்லை. என் ஆய்வின் முதல் சான்று அதுதான் என்று பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அலுவலகத்திலிருந்து வந்ததும் அழைப்பு மணியை அடிக்க மாட்டார். கதவைத் தட்டிவிட்டு, வெளியே நின்றுகொண்டே கட்டைக் குரலில், "யாருங்க அது?" என்று கேட்பார். உள்ளே இருக்கும் அம்மா, "நான்தான்" என்று பதில் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவர் சொல்வதும், சொல்ல வேண்டியவர் கேட்பதுமாக இருபத்தைந்து ஆண்டுகள் அந்த விளையாட்டு நடந்தது.

2021ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்பா போய்விட்டார். மூன்று மாதம் கழித்து ஒரு மாலை, கடைக்குப் போய்த் திரும்பிய தம்பி, யோசிக்காமல் கதவைத் தட்டி அதே குரலில் அதையே கேட்டுவிட்டான். இளவயதுக் குரல் உடைந்து முதிர்ந்தபோது அது அப்பாவின் குரலாகவே அமைந்துவிட்டதை நாங்கள் அதுவரை கவனிக்கவில்லை. அம்மா கூடத்தில் பாதி தூரம் வந்து நின்றாள். பிறகு சமையலறைக்குத் திரும்பிவிட்டாள். நான்தான் கதவைத் திறந்தேன். இரவு சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே, "இனிமே அப்படிக் கேக்காதடா" என்றாள். தம்பி அதன்பின் மணியைத்தான் அடித்தான்.

ஹென்சன் இறந்தபின் கெர்மிட் இனிப் பேசவே கூடாது என்று எண்ணிய இரசிகர்கள் உண்டு. வேறொருவர் குரலில் அவனைக் கேட்பதைவிட அவன் மௌனமாக இருப்பதே மரியாதை என்பது அவர்கள் வாதம். அத்தகைய பதிவுகளை என் அட்டவணையில் 'தொடர்ச்சி மறுப்பு' என்ற தலைப்பின்கீழ் வகைப்படுத்தியிருக்கிறேன். வகைப்படுத்தும்போதெல்லாம் கூடத்தில் பாதி வழியில் நின்ற அம்மா நினைவுக்கு வருவாள். அவர்கள் வாதம் தவறு என்று என்னால் எழுத முடியவில்லை. தொடர வேண்டும் என்று விரும்பியவர்கள் தவறு என்றும் எழுத முடியவில்லை.

சென்ற தீபாவளிக்குத் தம்பி புனேயிலிருந்து வந்தான். மணியை அடித்தான். நான் எழுந்தேன்; அம்மா கையமர்த்தினாள். கதவருகே போய் நின்றாள், ஆனால் தாழைத் திறக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "கேளுடா" என்றாள்.

வெளியே அமைதி. பின் தம்பி, "யாருங்க அது?" என்று கேட்டான். கட்டைக் குரலில் அன்று. தன் குரலில், கொஞ்சம் தயங்கி.

"நான்தான்" என்று சொல்லித் தாழைத் திறந்தாள்.

அடுத்த கருத்தரங்கு ஆறு மாதம் கழித்து. அந்தப் பேராசிரியர் மீண்டும் கேட்டால், நன்னூலிலிருந்து தொடங்குவேன், கிரிப்கியைச் சொல்வேன், வேற்றுமை உருபைக் காட்டுவேன். இந்தக் கதவைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் வீட்டில் இறந்தவர் ஒருவரின் சொல்லோ விளிப்போ இன்னொருவர் வாயில் தொடர்கிறதென்றால், அதை முதன்முதலாகக் கேட்ட நாளில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஆய்வுக்காகக் கேட்கவில்லை.