பிரித்து வைக்கத் தெரிந்த தறிகள்

வெர்மான்ட் மாநிலத்தில் மார்ஷ்ஃபீல்டுக்குப் போகும் வழியெங்கும் பண்ணைக் கொட்டில்கள். மாடும் வைக்கோலும் அடையும் பெரிய மரக் கட்டடங்கள். ஊரின் நெசவுப் பள்ளிக்குள் நுழைந்தால், அந்தக் கொட்டில்களின் எலும்புக்கூடுகளைச் சிறிதாக்கி நிறுத்தியதுபோலத் தறிகள் நிற்கின்றன. ‘பார்ன் லூம்’ (கொட்டில் தறி) என்று அமெரிக்கர்கள் சொல்லும் இவை 18, 19ஆம் நூற்றாண்டுத் தறிகள். ஸ்காட்லாந்தின் அபர்தீனிலிருந்து வந்த நெசவாளர் நார்மன் கென்னடி, 1970களில் தொடங்கிய பள்ளி இது.

ஒவ்வொரு தறியும் ஆள் உயரத்துக்கு நிற்கிறது; ஓர் அறையில் பாதியைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. நான்கு மூலைக்கால்கள், அவற்றை இணைக்கும் கனத்த சட்டங்கள். வீடு கட்டிய அதே தச்சுமுறைதான். ஒரு சட்டத்தின் முனையை மற்றதன் துளைக்குள் செருகி, மரமுளையோ ஆப்போ அடித்து இறுக்கியிருக்கிறார்கள். எது எதோடு சேரும் என்பதற்கு, மூட்டுகளில் உளியால் வெட்டிய ரோமன் எண்கள். நெய்யாத காலத்தில் ஆப்பைத் தட்டிக் கழற்றிப் பரணில் போட்டுவிடலாம். இத்தனை தறிகள் பிழைத்ததற்கு அந்த ஆப்புகளே காரணம் என்று எனக்குத் தோன்றியது.

பார்க்கப் பார்க்க அலுக்காதது, ஊடையை, அதாவது குறுக்கு நூலை, நெருக்கி அடிக்கும் பலகை. பாவு நூல்களைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சைத் தாங்கிய அது மேல்சட்டத்திலிருந்து ஊசலாகத் தொங்குகிறது. இழுத்துவிட்டால் தன் கனத்தாலேயே வீசி வந்து அடிக்கிறது. நெசவாளரின் தோளுக்குச் சுமை குறைவு. அச்சு, நாணல் பிளாச்சுகளை வரிசையாக வைத்துக் கட்டியது. பாவு நூல்களை ஏற்றி இறக்கும் விழுதுகள், முறுக்கிய நூலில் கையால் முடிச்சிட்டவை. மேலே கப்பிகள்; மிதியை அழுத்தினால் ஒரு விழுது இறங்க, அதன் இணை ஏறுகிறது. பாவு, அதாவது நெடுக்கு நூல், இரண்டாகப் பிரிந்து, ஊடையைக் கொண்டுசெல்லும் நாடாவுக்கு வழி விடுகிறது.

நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். ஆகவே துணியின் அகலத்தைக் கையெட்டும் தூரம் தீர்மானித்தது. பழைய அமெரிக்கப் படுக்கை விரிப்புகள் பலவற்றின் நடுவே ஒரு தையல் ஓடுவது அதனால்தான்: இரண்டு பட்டைகளாக நெய்து, பூவேலை பிசகாமல் இணைத்திருக்கிறார்கள்.

1814இல் மாசசூசெட்ஸின் வால்தாமில் விசைத்தறி ஓடத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் அதே மாநிலத்தின் லோவெல் நகர ஆலைத்துணி மலிவாகக் குவிய, வீட்டுத் தறிகள் ஒவ்வொன்றாகப் பரணேறின. லோவெலின் பூட் ஆலை அருங்காட்சியகத்தில் இன்றும் விசைத்தறிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்த இரைச்சலில் பக்கத்து ஆளின் பேச்சு கேட்காது. மார்ஷ்ஃபீல்டில் பலகையின் அடிகளுக்கு நடுவே ஆசிரியர் பேசுகிறார், மாணவர் கேட்கிறார்.

ஓக் சட்டம் இருநூறு ஆண்டு தாங்கும். நூல் விழுது தாங்காது. தேயத் தேய யாரேனும் புதிதாக முடிச்சிட்டாக வேண்டும், நாணல் அச்சைக் கட்டியாக வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் மரம் மட்டுமே மிஞ்சும். இந்தத் தறிகளில் நெய்வதுதான் இவற்றைக் காப்பாற்றும் ஒரே வழி என்று மார்ஷ்ஃபீல்டைப் பார்த்த பிறகு உறுதியாக நம்புகிறேன்.